ஹரிகிச்சனேன் என்கிற ஆசாமி

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்தில் ஹேமலதாவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். லேப் தன் கையை விட்டுப் போகக் கூடாது. பேராசிரியர் பதவி, வாசலில் பெயர்ப் பலகை, தனி அறை எல்லாம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்கிற அளவுக்கு அவள் ஏற்கெனவே அலுத்துப்போயிருந்தாள். ஆனால் துறைத் தலைவர் கோவிந்தசாமி ஓய்வு பெறப் போகிறார். அவர் இடத்துக்கு யார் பேராசிரியராக வருகிறாரோ, லேப் அவர் வசம். போட்டியில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருவன் கமலக்கண்ணன், இவளைவிடச் சின்னவன், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறவன். அவன் வந்தால் இவளுடைய இறால் நோய் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு மண் டப்பாக்களை அடுக்குவான். அதை அவனே மறைக்காமல் சொல்லியும்விட்டான். நல்ல பையன், அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

அந்த லேப் ஒன்றும் சொர்க்கம் இல்லை. பழைய கட்டடத்தின் மாடி. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற சாம்பிள்களை நினைத்து நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏ.சி. ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதைக் கொட்டுவதும் இவள் வேலை. கடற்காற்றில் துருப்பிடிக்காத மெஷின் கிடையாது. ஒரு மெஷினை ரிப்பேர் பார்க்க ஆள் வருவதற்குள் இன்னொன்று படுத்துவிடும். இவ்வளவையும் கட்டிக்கொண்டு மாரடிப்பதற்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். வேறு எங்கே போனாலும் அவளுக்குக் கை ஓடாது.

அவள் ரெட்டியார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அரிகிருஷ்ணன் மில்லில் தறி ஓட்டினார். மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார். மகள் படிக்கிறேன் என்றால் படி என்றார். இன்னும் படிக்கிறேன் என்றபோதும் படி என்றார். என்ன படிப்பு என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. அவருக்கென்ன, தெருவில் யாருக்குமே புரியவில்லை. மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கிய வாரம், பக்கத்து வீட்டு சுலோசனா அக்கா வந்து, “எனுக்கு முட்டி வலி தாங்கல ஹேமா, நல்ல மாத்திரையா ஒண்ணு எழுதிக் குடேன்” என்றாள். தான் அந்த டாக்டர் இல்லை என்று இவள் விளக்கி முடித்ததும், “அப்ப எதுக்கு இத்தினி வருசம் படிச்ச?” என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் இறாலில் கிடைத்தது. தொண்ணூறுகளில் கடலோரம் நெடுக இறால் பண்ணைகள் முளைத்தன, பின்னாலேயே வெள்ளைப்புள்ளி நோயும் வந்தது. நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்த குளத்தில் இன்றைக்கு இறால் எல்லாம் கரை ஒதுங்கிக் கிடக்கும். ஓட்டின் மேல் வெள்ளைப் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறபோது ஆட்டம் முடிந்திருக்கும். குஞ்சாக இருக்கும்போதே அதற்குள் வைரஸ் இருக்கிறதா என்று கண்டுபிடித்தால்தான் பிழைக்கலாம். அதற்கு வழியும் இருந்தது. இறாலை அரைத்து அதன் டி.என்.ஏ.வைப் பிரித்து, மெஷினில் போட்டுப் பெருக்கி, வைரஸின் அடையாளம் அதில் தென்படுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் பாதி நேரம் மெஷின் ஒன்றுமில்லை என்று சொல்லும். அதை நம்பிக் குஞ்சு விட்டவனுடைய குளம் அடுத்த மாதமே செத்துப்போகும்.

அப்போது ஹேமலதா அந்த லேபில் ஒப்பந்தத்தில் இருந்த திட்ட உதவியாளர். வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் முடிந்த கையோடு இறால் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். மெஷின் ஏன் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் பார்த்தால், கோளாறு கண்ணில். எல்லாரும் தலையையும் கண்ணையும் சேர்த்து அரைத்துக்கொண்டிருந்தார்கள். இறால் கண்ணில் இருக்கிற அந்தக் கறுப்பு, மெஷினுக்குள் நடக்கிற வேலையையே நிறுத்திவிடுகிறது. கண்ணைத் தொடாமல், வயிற்றுக்கு அடியில் நீந்துகிற காலில் மட்டும் கொஞ்சம் நறுக்கி, காஸ்டிக் சோடா கரைத்த காரநீரில் கொதிக்க வைத்து, மேலே தெளிந்ததை எடுத்தால் போதும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. கேட்டால் சமையல் குறிப்பு போல இருக்கும். ஆனால் மெஷின் அதற்குப் பிறகு பொய் சொல்லவில்லை.

அதைச் சரிபார்த்து எழுதி முடிக்க, பிரான்சில் மோம்பெலியே என்ற ஊரில் இருந்த ஒரு ஆய்வகம் அவளைச் சில மாதங்களுக்கு அழைத்தது. போவதற்குப் பாஸ்போர்ட் எடுத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போடச் சொன்னார்கள். அதுவும் பிறப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட வேண்டுமாம். ஹேமலதா பிறந்தபோது புதுச்சேரியில் பிறப்பு எழுதுகிற இடம் மேரி. நகராட்சிக்கு ஊர் வைத்திருந்த பிரெஞ்சுப் பேர் அது. பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறிய பிறகும் மேரியில் எழுதுகிற கை பிரெஞ்சுக் கையாகவே இருந்தது. கிருஷ்ணன் அங்கே போனால் நடுவில் ஒரு சி-ஹெச்சும் கடைசியில் யாரும் உச்சரிக்காத ஒரு இ-யும் ஒட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அரிகிருஷ்ணனுக்கு முன்னால் ஒரு ஹெச் வேறு சேர்ந்தது. பிரெஞ்சுக்காரன் படித்தால் அது ‘அரிகிஷ்னான்’. உலகத்தில் மற்ற எவன் படித்தாலும் ‘ஹரிகிச்சனேன்’.

மோம்பெலியேயில் அவளை மதாம் அரிகிஷ்னான் என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள்தானே, எந்தப் பேரில் கூப்பிட்டால் என்ன என்று அவளும் விட்டுவிட்டாள். கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும்போதும் அந்தப் பேரையே போட்டார்கள். முன்னால் ஹரிகிச்சனேன், பின்னால் ஹெச் என்று ஒற்றை எழுத்து. அந்த ஒற்றை எழுத்துக்குள்தான் ஹேமலதா இருந்தாள்.

ஊர் திரும்பியதும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை நெடுமாறன் அரசுப் பள்ளி ஆசிரியர், மூலக்குளத்தில் வீடு. கட்டுரை அச்சில் வந்தது. அதற்குச் சில மாதம் கழித்து, அதே லேபில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பணிப்பதிவேட்டில் புருஷன் பேரின் முதலெழுத்தோடு நெ. ஹேமலதா என்று ஏறினாள். அப்புறம் எழுதிய கட்டுரை எல்லாமே அந்தப் பேரில்தான்.

இதற்கிடையில் ஹரிகிச்சனேன் உலகம் சுற்ற ஆரம்பித்தார். தாய்லாந்தில், வியட்நாமில், ஈக்வடாரில், இறால் வளர்க்கிற ஊரிலெல்லாம் கண்ணை விட்டுக் காலை எடுத்தார்கள். எடுத்துவிட்டு, ஹரிகிச்சனேன் சொன்ன முறைப்படி செய்தோம் என்று தங்கள் கட்டுரைகளில் எழுதினார்கள். பாடப்புத்தகத்திலும் அவர் ஏறினார். புதிய ஆய்வுகளைப் புரட்டும்போது அந்தப் பேர் கண்ணில் படும். ஆரம்பத்தில் ஹேமலதாவுக்குச் சிரிப்பு வரும். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. நெ. ஹேமலதா எழுதியதைச் சீண்டுவார் இல்லை. கால் கடுக்க நின்று, வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற தனக்கும் அந்த ஆசாமிக்கும் என்ன சம்பந்தம் என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

“மாமனார் பேருல உலகப் புகழ், என் பேருல ஒண்ணும் இல்லயா?” என்று நெடுமாறன் கிண்டல் செய்வார். அவர் தமாஷுக்குத்தான் சொல்வார். அவளுக்கு அது சுருக்கென்று இருக்கும்.

தேர்வுக்குழு கூடிய அன்று வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். இறால் நோய் ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவர். ஹேமலதாவின் கட்டுரைப் பட்டியலைக் கையில் எடுத்தவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அவரோடு பேச்செல்லாம் ஆங்கிலத்தில்.

“நீங்கள் ஹரிகிச்சனேனின் வழியில் தொடர்ந்து வேலை செய்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் அவருடைய கட்டுரையை எதற்கு உங்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்?”

ஹேமலதா பட்டியலை எட்டிப் பார்த்தாள். “அது என் கட்டுரை சார்.”

“உங்கள் பெயர் ஹேமலதா.”

“ஆமாம் சார்.”

“அந்தப் பிரெஞ்சுக்காரரை எனக்கு நேரில் தெரியாது. எழுத்தைப் பார்த்தால் மிகவும் நுணுக்கமான மனிதர். உங்களுடைய வேலை எல்லாம் அவரிடமிருந்து எடுத்தது மாதிரி இருக்கிறது. நீங்கள் சொந்தமாக என்ன செய்தீர்கள்?”

தன்னிடமிருந்து தானே திருடிவிட்டாள் என்று குற்றச்சாட்டு. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “அந்தப் பிரெஞ்சுக்காரர் நான்தான் சார்” என்றாள். அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் அப்பா பேரைச் சொன்னாள், மேரியைச் சொன்னாள், பாஸ்போர்ட்டைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் கதை விடுகிற மாதிரி அவளுக்கே தோன்றியது.

குழுவில் இருந்த கோவிந்தசாமி குழுத் தலைவரைப் பார்த்துத் தமிழில் குறுக்கிட்டார். “இவங்க செஞ்ச வேலைதான் சார் அது. நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.”

“நீங்க பாத்தது ஃபைல்ல இருக்காதே சார்” என்றார் குழுத் தலைவர். “ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு தாசில்தார் கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் முடிவ நிறுத்தி வெப்போம்.”

நிபுணர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிதானமாகப் பார்த்தார். “நிஜமாகவே அது நீங்கள் என்றால், உங்களைப் பற்றி நான் நிறைய வகுப்பு எடுத்திருக்கிறேன்” என்றார். இத்தனை வருஷத்தில் அவளுடைய வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதுவும் நிபந்தனையோடு வந்தது.

தாலுக்கா அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்க்கிற எழுத்தர் பேர் பாவாடை. பழுத்த ஆள். இவள் நீட்டிய காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உங்க பேரு ஹேமலதா. இது ஆம்பள பேராட்டம் கீதே. வீட்டுக்காரரா?”

“வீட்டுக்காரர் நெடுமாறன். இது எங்க அப்பா.”

“அப்ப இன்னா கேக்கறீங்க மேடம்? அப்பாவும் பொண்ணும் ஒரே ஆளுன்னு எழுதித் தரணுமா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். போன தடவை ஏ.சி. அறையில் சிரித்தார்கள், இந்தத் தடவை மின்விசிறி அறையில். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். பாவாடை கேட்டுக்கொண்டார். இந்த ஊரில் மேரி எழுத்தால் வந்த குழப்பம் அவருக்குப் புதிது இல்லை. ஆனால் இன்னொரு முடிச்சைக் கண்டுபிடித்தார். அப்பாவின் ரேஷன் கார்டு, மில் அடையாள அட்டை, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் பேர் அரிகிருஷ்ணன். அந்த மேரி பேர் மகளுடைய பிறப்புச் சான்றில் மட்டும்தான் இருந்தது.

“மொதல்ல உங்க அப்பாவும் இவரும் ஒரே ஆளுன்னு ஆவணும். அப்பறம்தான் நீங்க. ஐயாவ நேர்ல கூட்டிகினு வாங்க. அவரே வந்து, அது நான்தான்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும்.”

அப்பா ரெட்டியார்பாளையத்தில் ஹேமலதாவின் தம்பி குடும்பத்தோடு இருந்தார். எழுபது தாண்டியவர், முழங்கால் தகராறு. விஷயத்தைக் கேட்டதும், “அது என் பேரு இல்ல, நான் வரமாட்டேன்” என்றார்.

“ஒரு கையெழுத்துதாம்பா.”

“ஒனக்குத் தெரியாது. மில்லுல மொதல்ல அந்தப் பேருதான் எழுதியிருந்தாங்க. காலையில ஆஜர் எடுக்கறவன் கிச்சனேன்னு படிப்பான். அவ்ளோதான், ஷிஃப்ட்டு பூரா கிச்சு கிச்சுன்னு இடுப்புல கை வெப்பானுங்க. தறியில நூல் அறுந்தாலும் உடமாட்டானுங்க. நான் சண்ட போட்டு, மனு குடுத்து, நாயா அலைஞ்சி அரிகிருஷ்ணன்னு மாத்தி வாங்கனேன். இப்ப நீ வந்து திரும்பவும் அந்தப் பேர ஒத்துக்கச் சொல்றியா?”

ஹேமலதாவுக்கு இது தெரியாது. அப்பா இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பேர் தன்னுடையது இல்லாவிட்டாலும் அப்பாவுடையதாவது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அது அப்பாவுடையதும் இல்லை. மேரியில் யாரோ ஒருவன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போன பேர், எவனுக்கும் சொந்தமில்லாமல் ஈக்வடார்வரை போய்விட்டு வந்திருக்கிறது.

“அந்தப் பேருல நீ இன்னா பண்ண?” என்று அப்பா கேட்டார்.

“நல்லதுதாம்பா பண்ணேன். அத நான்தான் பண்ணேன்னு காட்டலன்னா லேப் கைய உட்டுப் போயிடும். அது போனா எனுக்கு வேற ஒண்ணும் இல்லப்பா.”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

தாலுக்கா அலுவலகத்தில் பெஞ்சு கிடையாது. சுவரில் சாய்ந்து நின்றார். முறை வந்ததும் பாவாடை நிமிர்ந்து பார்த்து, “இந்த ஹரிகிச்சனேன்றது நீங்கதானா பெரியவரே?” என்று கேட்டார். அந்தப் பேரைக் கேட்டு ஒரு ஆள் லேசாகச் சிரித்ததை ஹேமலதா பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். “ஆமா, நான்தான்” என்றார், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக் கையெழுத்தும் போட்டார். பெற்ற பாவத்துக்கு இன்னும் இதுவும் பாக்கி இருந்ததா என்று ஹேமலதாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகும் அலைச்சல் ஓயவில்லை. கிராம நிர்வாக அலுவலர், நோட்டரி, மறுபடி தாலுக்கா என்று லீவு போட்டுப் போட்டு அலைந்தாள். சர்டிபிகேட் கைக்கு வந்தபோது சந்தோஷப்படத் தெம்பு இல்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

கோவிந்தசாமி ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “உக்காரும்மா” என்றார். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“சர்டிபிகேட்ட ஒத்துக்கிட்டாங்க. அது நீங்கதான், சந்தேகமே இல்லன்னு எழுதியாச்சு. அந்த எக்ஸ்பர்ட் உங்கள ரொம்பப் பாராட்டினாரு.”

“அப்புறம் சார்?” என்றாள்.

“ஆனா கட்டுரை உங்களுதுன்னு ஆனதும் தேதியப் பாத்தாங்க. வேலையில சேந்ததுக்கப்புறம் வந்ததுதான் பதவி உயர்வுக்குக் கணக்காம். அது நீங்க சேர்றதுக்கு முன்னாடியே அச்சில வந்துடுச்சு.”

“இதே லேப்ல செஞ்சதுதான சார். இதே மேசையில.”

“தெரியும்மா. அப்ப நீங்க ஒப்பந்தம், சர்வீஸ்ல இல்ல.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். “இன்னொண்ணும் சொல்றாங்க. பின்னால எழுதினதெல்லாம் உங்க பழைய வேலையையே காட்டி எழுதினது, புதுசுன்னு எடுத்துக்க முடியாதாம். ஹரிகிச்சனேன் வேற ஆளா இருந்திருந்தா, அவரு வேலைய நீங்க மேல கொண்டுபோனீங்கன்னாவது ஒரு மதிப்பு இருந்திருக்கும். நீங்களேன்னு ஆனதுல அதுவும் போச்சு.”

பேராசிரியர் பதவி கமலக்கண்ணனுக்குப் போனது. அவன் மத்தியானம் லேபுக்கு வந்து கதவோரமே நின்றான். “மேடம், அவசரம் ஒண்ணும் இல்ல. உங்க சாமானெல்லாம் மெதுவா எடுத்துக்குங்க” என்றான். பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அவன் போகும்வரை அவள் ஃபிரிட்ஜுக்குள் எதையோ தேடுகிற மாதிரி நின்றாள்.

சாயங்காலம் மூலக்குளத்துக்குப் போகிற வழியில் ரெட்டியார்பாளையத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். அப்பா டிவி எதிரில் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

“இன்னாம்மா, குடுத்துட்டாங்களா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“அத்தினி பேருக்கு முன்னாடி நான்தான்னு சொன்னேனே. பத்தலயா?”

“பத்திச்சுப்பா. அந்த ஆளு நான்தான்னு எல்லாரும் ஒத்துக்கினாங்க.”

“அப்பறம் இன்னா?”

“அந்த ஆளு அங்க வேலைக்கே சேரலயாம்பா.”

சிரித்துக்கொண்டேதான் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. நாற்பத்தைந்து வயசில், அப்பா எதிரில் தரையில் உட்கார்ந்து ஹேமலதா வாய்விட்டு அழுதாள்.